எடைச்சீட்டில் ஒரு கையெழுத்து



'நெஞ்சில் இருக்கிற நேர்மை பார்க்கிற வேலையில் இருக்கிறதா' என்று மன்றத்தார் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சித்தூரை விட்டால் இதை வேறு எங்கே பேசுவது? பக்கத்திலேயே காணிப்பாக்கம். வாங்கின கடனை இல்லை என்கிறாயா, வா காணிப்பாக்கத்துக்கு! பங்காளி சொத்தில் கை வைக்கவில்லை என்கிறாயா, வா காணிப்பாக்கத்துக்கு! குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் சத்தியம் பண்ணச் சொன்னால், பாதிப் பேர் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே உண்மையைக் கக்கிவிடுவான். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், இது உங்கள் ஊர்ப் பெருமை!

அந்தத் தலத்துக் கதை தாய்மார்களுக்குத் தெரியும். சங்கன், லிகிதன், அண்ணன் தம்பி. நடந்து வந்த களைப்பு, தம்பிக்குப் பசி. வழியில் மாந்தோப்பு. ஒரே ஒரு பழம், கேட்காமல் பறித்துத் தின்றுவிட்டான். அண்ணன் ஊரை எழுப்பவில்லை, நேரே ராஜாவிடம் போய்ச் சொன்னான். ராஜா இரண்டு கையையும் வெட்டச் சொல்லிவிட்டான். அப்புறம் லிகிதன் கோயில் பக்கத்து ஆற்றில் முழுகினான், கை திரும்ப வந்தது. அந்த ஆறுதான் பாகுதா. ஒரு மாம்பழத்துக்குக் கை போன சீமை ஐயா இது! இன்றைக்கு லோடு லோடாக மாங்காய் எடையில் போகிறதே, அதற்கு எத்தனை கையை வெட்டுவது?

மாங்காய் பேச்சு வந்துவிட்டது, இனி சும்மா இருக்க முடியாது. 2025 ஜூன் மாதத்தை மறந்துவிட்டீர்களா? தோத்தாபுரி மாங்காய் கிலோவுக்கு 12 ரூபாய், பழக்கூழ் ஆலை 8, அரசு 4 கொடுக்கும் என்று அறிவித்தார்கள். ஆனால் ஆலை வாசலில் நாள் கணக்கில் டிராக்டர் வரிசை. பழம் வெந்து சாறு ஒழுகுகிறது. வயிற்றெரிச்சல் தாங்காமல் சாலையில் கொட்டினார்கள் நம் ஆட்கள்.

அப்போது வந்தார் ஒருத்தர். மாங்காயைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார், மைக்கைப் பிடித்து நேர்மை, நியாயம் என்று முழங்கினார். அவர் வீட்டு டிரைவருக்குப் போன மாதச் சம்பளம் இந்த மாதம் பாதி போயும் வரவில்லை! பேர் சொல்லமாட்டேன். முன்வரிசையில் சிரிக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியும். விவசாயிக்கு நியாயம் கேட்க வருகிறவர், தன் வாசலில் நிற்கிறவனுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு வரட்டும். அதற்கப்புறம் இந்த மேடையில் அவருக்கு நானே மாலை போடுகிறேன். போகட்டும், அவரை விடுங்கள்.

என் அப்பா ஒரு மண்டிக்கு மாங்காய் போட்டவர். தோளில் துண்டோடு நிற்பார். எடை போடுகிறவர் முள்ளைப் பார்ப்பார், முதலாளி முகத்தைப் பார்ப்பார், அப்புறம் காதில் செருகின பென்சிலை எடுத்துத் துண்டுச் சீட்டில் ஒரு எண் எழுதுவார். தருகு, அதாவது கழிவு, போக மிச்சம் அது. எவ்வளவு தருகு, எதற்குத் தருகு, யார் சொல்லித் தருகு, சீட்டில் ஒன்றும் இருக்காது. அந்த மனிதர் கெட்டவரா? இல்லவே இல்லை. சனிக்கிழமை விரதம் இருப்பார். அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறுவார். அப்பாவை 'பெத்தய்யா' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கேட்டால், 'நான் என்ன பண்றது பெத்தய்யா, மேலே சொன்னாங்க' என்பார்.

மேலே சொன்னாங்க! ஆபீசில் மனுவைத் திருப்பிக் கொடுக்கிறவரும் அதைத்தான் சொல்கிறார், ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த 'மேலே' திருமலை. அங்கே எப்படி எழுதினார்கள் என்று பார்ப்போமா?

திருமலையிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கு மேல் கல்வெட்டு. பெரும்பாலும் தமிழ்! சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்கள் உழைத்து, 1930-களிலேயே தேவஸ்தானம் தொகுதி தொகுதியாகப் புத்தகம் போட்டது. பல்லவ குலத்துச் சாமவை வெள்ளி விக்கிரகம் கொடுத்தது அதில் இருக்கிறது. 1513-இல் முதன்முதலாக மலையேறின கிருஷ்ணதேவராயர் இருக்கிறார். அவர்களைப் பாட ஆயிரம் பேர் உண்டு. நான் பாட வந்தது வேறு ஆளை.

அந்தக் காலத்தில் ஒருவர் கோயிலில் பணம் கட்டுகிறார். கோயில் அந்தப் பணத்தில் தன் கிராமத்தில் ஏரி, கால்வாய் வெட்டும். கூடுதலாக விளைகிறதில் அவர் பேருக்குத் தளிகை. அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பயறு, உப்பு, மிளகு எவ்வளவு, எல்லாம் கல்லில் இருக்கிறது. அளக்கிற மரக்காலுக்குச் சாமி பேர். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு, அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பேர். நெய்யில் ஒரு உழக்கு குறைந்தால் வருகிறவன் போகிறவன் படித்துக் கேட்கலாம்!

15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் கடைசி வரிக்கு வாருங்கள். ஸ்ரீவைஷ்ணவர்கள் ஆணைப்படி எழுதியது, எழுதினவன் கோயில் கணக்குத் திருநின்றவூர் உடையான். திரும்பத் திரும்ப இதே முடிப்பு. அவன் சொந்தப் பேர் தெரியாது. ஆவடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருநின்றவூர் தெரியுமே, அந்த ஊர்ப் பேரைச் சுமந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதினவர்கள். அவனுக்கும் மேலே சொன்னார்கள் ஐயா! மேலே சொன்னது யார் என்று எழுதினான், எழுதினது நான் என்றும் எழுதினான். ராயருக்குப் பரிவட்டம் கட்டியிருப்பார்கள். என் கைதட்டல் அந்தக் கணக்கனுக்கு. நீங்களும் தட்டுங்கள், இந்த மண்டபம் அதிரட்டும்!

எடைமேடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் கையைத் தூக்குங்கள். அதோ நாலைந்து கை, பின்னால் இன்னும் இரண்டு. தம்பி, மொத்த எடை எழுது. தருகு எவ்வளவு என்று தனியாக எழுது. யார் சொல்லிக் கழித்தது என்று எழுது. கீழே உன் கையெழுத்தைப் போடு. முதலாளி கோபிப்பார். உன் வேலைக்கு ஆபத்து வந்தால் மறுநாள் காலையில் இந்த மன்றத்தார் ஆலை வாசலுக்கு வருவார்கள். தலைவர் தலையசைக்கிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே கடைசியில் வண்டி வர ஆரம்பித்துவிடும். அதற்குள் இந்த மாதிரிச் சீட்டுப் புத்தகம் அச்சாகி, மண்டி மண்டியாகப் போய்ச் சேர வேண்டும். முதல் நூறு புத்தகத்துக்கு அச்சுக்கூலி நான் தருகிறேன். மிச்சத்துக்கு யார் தருகிறீர்கள் என்று செயலாளர் இப்போதே எழுதிக்கொள்ளட்டும்.