கழுவின கையும் கழுவாத மனசும்

(தவக்காலத்தில், கண்டிக்கு அருகே தோட்டக் குடும்பங்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. உடுப்புத் துவைக்க, விறகு பொறுக்க என்று ஆயிரம் வேலை கிடக்கையில் இவ்வளவு தூரம் மேடு ஏறி வந்திருக்கிறீங்க. இந்து சகோதரர்களும் சிலர் வந்திருக்கிறீங்க. நான் பேசப்போறது எங்க வேதக்காரங்க வீட்டுக் குறையைப் பற்றி. கேட்டுட்டு, உங்க வீட்டிலும் அது இருக்கா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்க.

தவக்காலம் தொடங்கியாச்சு. விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் சமைக்கிறதில்லை. சிலுவைப்பாதைக்குப் போகிறோம். சில ஆம்பிளைகள் நாற்பது நாளும் தவறணைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறதில்லை. வருஷம் பூராவும் தவக்காலமாக இருக்கக் கூடாதா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டாங்க! இதெல்லாம் நல்ல காரியம். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

மாற்கு எழுதின நற்செய்தியில் ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. இயேசுவின் சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிட்டாங்க என்று பரிசேயர்கள் குறை சொல்லுறாங்க. அது கிருமி போக சவர்க்காரம் போட்டுக் கழுவுகிற கழுவல் இல்லை. அதை நம்ம மிட்வைஃப் நோனா சொல்லுறபடி கட்டாயம் செய்யுங்க. அவங்க சொன்னது தீட்டுக் கழிக்கிற சடங்கு. அதற்கு இயேசு சொன்ன பதில், வெளியே இருந்து வயிற்றுக்குள் போகிறது மனுஷனை அசுத்தப்படுத்தாது, உள்ளே மனசில் இருந்து வெளியே வருகிற களவு, பேராசை, பொறாமை, பழிச்சொல் இதுகள்தான் அசுத்தப்படுத்தும் என்பது. இது எல்லாருக்கும் தெரியும், பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்.

அதே அதிகாரத்தில் இன்னொரு சங்கதி இருக்கு. அதை நாம அவ்வளவாகப் பேசுறதில்லை. அந்தக் காலத்தில் ‘கொர்பான்’ என்று ஒரு வழக்கம். ஒருத்தன் தன்னிடம் இருக்கிற பொருளை, ‘இது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டால், அதிலிருந்து தகப்பன் தாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால், சாமிக்கு நேர்ந்தது, தொடக் கூடாது. இயேசுவுக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

இந்தக் கொர்பானை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோட்டத்தின் பேர் வேண்டாம். திருநாளுக்கு ஒரு மகன் பெரிய தொகை கொடுத்தார். ஒலிபெருக்கியில் அவர் பேரை அறிவிச்சாங்க, எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவருடைய தாய் கோயிலின் கடைசியில், தூணோரம் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. முப்பது நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த மனுஷி. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் பேரை விட வேணும், பஸ் காசு வேணும், திருநாள் முடியட்டும் என்று மகன் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அந்தத் தாய் இப்போது இல்லை. கடைசி வருஷத்தில், பீடத்தில் சுவாமி தூக்கிக் காட்டுகிற நற்கருணைகூட அவங்களுக்குத் தெரியவில்லை. மணிச் சத்தத்தை வைத்துத் தலை குனிஞ்சாங்க.

மகனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒலிபெருக்கியைப் பிடித்து அந்தப் பேரை மூன்று தரம் வாசித்தது நான்தான்.

இப்போது நம்ம கண்டியிலேயே நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லுறேன். அந்தக் காலத்தில் இந்த மலையில் தேயிலையும் இல்லை, கோப்பியும் இல்லை, நம்ம பாட்டன் பூட்டன் ஒருத்தரும் வந்து சேரவும் இல்லை. ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்டுகொண்டு, கத்தோலிக்கக் குருமாரை உள்ளே விடாமல் தடுத்து வைத்திருந்தாங்க. அப்போது 1687ஆம் ஆண்டு, கோவாவில் இருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வேதக்காரங்க யார் என்று வெளியே கேட்க முடியாது. அதனால் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்து யார் முகம் மாறுது என்று கவனிச்சார். பாருங்க, அந்தச் செபமாலையும் ஒரு வெளி அடையாளம்தான். ஆனால் அது அவரைப் பிடித்துக் கொடுத்திருக்கும். நாம போடுகிற செபமாலையால் நமக்கு ஒரு நஷ்டமும் வாறதில்லை, கொஞ்சம் மரியாதைகூடக் கிடைக்குது. இந்த வித்தியாசத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

1692இல் அவர் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேய உளவாளி என்று சொல்லிப் பிடித்துச் சிறையில் போட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமாக, இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னருக்குப் புரிந்தது. பிறகு 1697இல் கண்டியில் பெரியம்மை வந்தது. ஊசி மருந்து எதுவும் இல்லாத காலம். சனங்கள் நகரத்தை விட்டு ஓடினாங்க. நோய் கண்டவர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாங்க. பெற்ற பிள்ளையை விட்டவங்களும் இருந்திருப்பாங்க, பயம் அப்படி. வாஸ் அடிகளும், அவருடைய மருமகன் முறையான யோசேப் கர்வாலியோ என்ற குருவும் அந்த நோயாளிகளைத் தேடிப் போனாங்க. குடிசை போட்டுக் கிடத்தி, புண்ணைக் கழுவி, சாப்பாடு கொடுத்து, செத்தவங்களை அடக்கம் செய்தாங்க. நீ வேதக்காரனா, பௌத்தனா என்று கேட்கவில்லை. பௌத்த மன்னர் இதைப் பார்த்த பிறகு அவருக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடிப்போச்சு.

இவர் வெளி ஆசாரத்தைத் தள்ளிப்போட்ட மனுஷர் இல்லை. வெறுங்காலோடு நடந்தார், நோன்பு இருந்தார், பூசையை விடவில்லை. அந்தப் பூசை செய்த கைதான் அம்மைப் புண்ணைக் கழுவினது. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். அவரைப் புதைத்த இடம் எது என்று இன்றைக்குச் சரியாகக் காட்ட முடியாது. 1995இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். நம்மில் சிலரும் பஸ் பிடித்துப் போயிருந்தோம். இப்போது அவருக்கும் சொரூபம் இருக்கு, மாலை போடுகிறோம்.

சரி, நம்ம லயத்துக்கு வருவோம். 2020, 2021இல் கொரோனா வந்தது ஞாபகம் இருக்கா? ஒரு லயத்தில் ஒரு காம்பராவை அடைத்து வைத்தாங்க. அந்த வீட்டுக்காரங்க பீலிப் பக்கம் வரக் கூடாது என்று மற்றவங்க சொல்லிட்டாங்க. நோய்க்குப் பயந்தது தப்பில்லை. வர வேண்டாம் என்று சொன்னவங்க ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் வாசலில் வைத்திருக்கலாமே? இரண்டு நாள் யாரும் வைக்கவில்லை. மூன்றாம் நாளில் இருந்து வைத்தது ஒரு பொடியன். நத்தாருக்கு மட்டும் கோயிலுக்கு வருவான், அன்றைக்கும் நேரம் பிந்தித்தான் வருவான். நாங்க ஐந்தாறு பேர் வீட்டுக்குள் இருந்து, நோய் நீங்கச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொரோனா குறைஞ்சு போச்சு. ஆனால் பீலிக்கரையில் யார் முதலில் பிடிக்கிறது, யார் குடம் யார் குடத்தில் படுகிறது என்ற பேச்சு சில இடத்தில் இன்னும் போகவில்லை. திருநாள் அன்று சொரூபம் தூக்க யார் தோள் கொடுக்கலாம் என்று ஆள் பார்த்துப் பிரிக்கிறதும் போகவில்லை. நான் எதைச் சொல்லுறேன் என்று உங்களுக்கு விளங்கும். ஒரே மலையில் ஒரே கூடையைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிற நமக்குள் என்ன தீட்டு?

கண்டி டிரினிட்டி கல்லூரிக் கோயில் சுவரில் டேவிட் பெயின்டர் என்ற நம்ம நாட்டு ஓவியர் தீட்டின பெரிய படங்கள் இருக்கு. அதில் ஒன்று, இயேசு சீஷர்களின் கால் கழுவுகிற காட்சி. சந்தர்ப்பம் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்க. கை கழுவுகிறதைப் பற்றி அத்தனை பேச்சுக் கேட்ட அவர், பெரிய வியாழன் இரவு குனிஞ்சு கழுவினது மற்றவங்களுடைய காலை.

கடைசியாக ஒரு விஷயம். இந்த வருஷத் திருநாள் வரியில் ஒரு பங்கை ஒதுக்கலாமா என்று கமிட்டியில் பேசினோம். வெடியைக் குறைக்கிறதுக்கு இன்னும் இரண்டு பேர் சம்மதிக்கவில்லை, அவங்க இங்கேதான் இருக்காங்க, அவங்களோடு பிறகு பேசுவோம். அதற்கு முன்னாடி, கண் தெரியாமல் லயத்தில் இருக்கிற வயசானவங்க பேரை இன்றைக்கே எழுதித் தாங்க. இந்துவா வேதமா என்று எழுத வேண்டாம், லயமும் காம்பரா நம்பரும் போதும். வேனுக்குக் கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க, கை பிடித்து நடத்த, கூட ஆள் வேணும். அன்றைக்கு ஒரு பேர் இல்லாமல் போகும். நான் பேர் போடுகிற வயசைத் தாண்டினவன், முதல் ஆளாக நான் வாறேன். இன்னும் நாலு பேர் வேணும். கொப்பி வாசல் மேசையில் இருக்கு.