மாநாட்டின் மாலைப் பொழுது

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், சென்னை மாநாட்டுக்குப் புறப்படும் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிகளின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மாநாட்டில் பகலில் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். அறிக்கை, விவாதம், தீர்மானம் எல்லாவற்றையும் கேட்டீர்கள். எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் மாலை நேரம். கூட்டம் கலைந்த பிறகு, சோற்றுப் பந்திக்கு முன்னும் பின்னும், அந்தப் பெரிய பட்டணத்தில் என்ன பார்ப்பது, என்ன கேட்பது, யார் போவது என்பதுதான் விஷயம்.

சிலர் சிரிக்கிறீர்கள். "ஊர் சுற்றவா போகிறோம்? கூலியைப் பற்றிப் பேசப் போகிறோம்" என்று ஒரு தோழர் கேட்கிறார். கேள்வி நியாயமானது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

மாலைப் பொழுது யார் கொடுத்தது?

ஆலைத் தோழர்களே, உங்களுக்கு மாலைப் பொழுது என்று ஒன்று இருக்கிறதே, அது தானாக வந்ததா? 1911-ம் வருஷத்துச் சட்டப்படி பஞ்சாலையில் ஆண் தொழிலாளிக்கு வேலை நாள் 12 மணி நேரம். 1922-ல் அது 11 மணி ஆயிற்று. 1934-ல் 10 மணி. 1946-ல் 9 மணி, வாரத்துக்கு 48 மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மணி நேரத்தை மீட்க 35 ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு மணிக்கும் வேலைநிறுத்தம் உண்டு, பட்டினி உண்டு, சிறை உண்டு.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, பெரம்பூர் பி அண்டு சி ஆலைத் தொழிலாளிகளின் முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? நண்பகல் சாப்பாட்டுக்கு விடும் அரைமணி நேரம் போதவில்லை என்பது. சாப்பிட நேரம் கேட்டுத்தான் நம் சங்கம் பிறந்தது.

கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் பார்ப்பார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்து எழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்தே முதலமைச்சர் அதை வாபஸ் பெறுவதாக அறிவித்தார். ஆகவே மாலைப் பொழுது என்பது வேலை போக மிஞ்சிய குப்பை அல்ல. போராடி வாங்கிய சொத்து. சொத்தை யாராவது தெருவில் எறிவார்களா?

நந்தன் கேட்ட அனுமதி

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு நான் சிதம்பரத்துக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நந்தன் ஒரு பண்ணையாள். அவன் கேட்டது நிலமா, நெல்லா? ஒருமுறை சிதம்பரம் போய்ப் பார்த்துவர உத்தரவு கேட்டான். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கதையில், 40 வேலி நிலத்தை அறுத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. இன்று போவோம் என்று சொல்ல முடியாமல், நாளை, நாளை என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குத் திருநாளைப் போவார் என்று பெயர் வந்தது.

பக்திக் கதை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அதற்குள்ளே இருக்கும் பண்ணை முறையைப் பாருங்கள். ஓர் உழைப்பாளி ஓர் ஊருக்குப் போய் ஒரு நல்ல பொருளைக் கண்ணால் காணவும் ஆண்டையின் அனுமதி வேண்டியிருந்தது. இன்று உங்கள் சங்கம் உங்களைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. யாரிடமும் உத்தரவு கேட்காமல் வண்டி ஏறுகிறீர்கள். இது சின்ன விஷயமா?

என்ன பார்ப்பது?

முதலில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே மாநாடு தொடங்கும் முன்போ, முடிந்து திரும்பும் நாளிலோ போவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். அங்கே சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். பிரான்சு தேசத்துப் பெரிய சிற்பி ரோடின் இந்த உருவத்தின் நிழற்படங்களைப் பார்த்தே வியந்து எழுதினார். நந்தனை வாசலில் நிறுத்தினார்கள். இங்கே சிறு கட்டணம் கொடுத்தால் எந்தச் சேரியிலிருந்து வந்தவரும் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒன்றை நினையுங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றி வார்த்தது அது. வார்ப்பு வேலை தெரிந்த தோழர்கள் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்கு விளக்குங்கள். ராஜாவின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. வார்த்தவன் பெயர் பெரும்பாலும் இல்லை. அவன் நம் ஆள்.

இரண்டாவது, மெரினா கடற்கரை. செலவில்லை. அங்கே உழைப்பாளர் சிலை நிற்கிறது. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். சென்னைக் கலைக் கல்லூரியின் தலைவராக இருந்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி செய்தது. 1959 ஜனவரி 25-ல் திறந்தார்கள். அந்த நால்வரின் முதுகையும் கால் நரம்பையும் பாருங்கள். மூட்டை தூக்கியவனுக்கும் நாற்றுக்கட்டு சுமந்தவனுக்கும் அது உடனே விளங்கும்.

அதே கடற்கரையில்தான் 1923 மே 1-ம் தேதி தோழர் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று. அன்றைக்கே அவர் தொழிலாளியையும் விவசாயியையும் சேர்த்து ஒரே கட்சி என்று அறிவித்தார். இன்று இந்தக் கூட்டத்தில் ஆலையும் வயலும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு அந்த மணலில் வேர் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தேவனாம்பட்டினத்துக் கடலில் நீந்திப் பழகியவர்களும் மெரினா அலையில் இறங்காதீர்கள். இழுப்பு அதிகம், உயிர் போயிருக்கிறது.

மூன்றாவது, மாநாட்டுப் பந்தலிலேயே நடக்கும் கலை நிகழ்ச்சி. இதை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். 1943 மே மாதம் பம்பாயில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு நடந்தது. பல மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் தத்தம் ஊர்ப் பாட்டையும் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். அதே நாட்களில், மே 25 அன்று, அதே நகரில் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. மறு வருஷம் வங்கப் பஞ்சத்தைப் பற்றிய 'நவான்ன' நாடகத்தை அந்த மன்றம் மேடையேற்றியது. பட்டினியால் மாண்ட குடியானவனைப் பட்டணத்து ஜனங்கள் மேடையில் கண்டார்கள். மாநாட்டுக்கு வந்தவர்களின் மாலைப் பொழுது ஒரு தேசத்தின் நாடகத்தையே மாற்றியது.

கலைஞனும் கூலிக்காரனே

பெரிய முதலாளிகளும் சென்னையில் மாநாடு நடத்துகிறார்கள். விருந்தினருக்கு மாலையில் நட்சத்திர ஓட்டலில் விருந்து. வாசலில் பறை, கரகம், பொய்க்கால் குதிரை. விருந்தினர் நடந்து போகும் வரை அடித்தால் போதும். நம் பழைய தென்னாற்காட்டு ஜில்லாவில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்து அங்கே கால் மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஆடுகிறவர் யார்? பகலில் நடவும் அறுப்பும் செய்கிற விவசாயத் தொழிலாளிதான் பல பேர். கலை அவருக்கு இரண்டாவது கூலி. அந்தக் கூலியும் தரகர் கை தாண்டித்தான் வருகிறது.

நம் மாநாட்டில் அப்படி இருக்கக் கூடாது. கலைக் குழுவுக்குப் பேசிய பணத்தை அன்றிரவே கொடுக்க வேண்டும். நமக்கு முன்னால் அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அவர்கள் ஆடும்போது எழுந்து போகக் கூடாது. "தோழர்தானே, இலவசமாக ஆடட்டும்" என்று சொல்கிறவர், முதலாளி நம்மிடம் சொல்வதைத்தான் சொல்கிறார்.

மூட்டை காப்பது யார்?

கடைசியாக ஒரு விஷயம். இதில்தான் நாம் அடிக்கடி சறுக்குகிறோம். மாலையில் எல்லோரும் வெளியே கிளம்பும்போது தங்குமிடத்தில் மூட்டை காக்க யாராவது இருக்க வேண்டும். யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் பெண் தோழர்கள். இல்லாவிட்டால் கையில் காசில்லாத விவசாயத் தொழிலாளி. "எனக்கு எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்" என்று அவர்களே சொல்வார்கள். நம்பாதீர்கள். அது நந்தனின் "நாளை"தான்.

ஆகவே மூன்று ஏற்பாடு. ஒன்று, மூட்டை காக்க முறை வையுங்கள். நாளுக்கு இருவர், ஆண் பெண் பேதமில்லாமல். இரண்டு, செலவுக்குப் பொதுப் பை ஒன்று வையுங்கள். யாரும் தனியாகக் காசு எடுத்து நீட்ட வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று, தனித்தனியாகப் போகாதீர்கள். பட்டணத்தில் தனியாகப் போகிறவனை மதுக்கடை கூப்பிடும். சேர்ந்து போகிறவர்களைக் கடற்கரை கூப்பிடும்.

என்ன கொண்டு வருவது?

இந்த மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஒரு பையன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், சென்னைக்குப் போனான். கட்சி அலுவலகத்தில் தங்கி, ஜனசக்தி அச்சகத்தில் வேலை பார்த்தான். பேச்சைக் கேட்டான், புத்தகம் படித்தான், சேரியையும் பிளாட்பாரத்தையும் கண் திறந்து பார்த்தான். அவர்தான் ஞானபீட விருது வாங்கிய ஜெயகாந்தன். பட்டணம் அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. பாடம் நடந்ததில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகுதான்.

நீங்கள் எழுத்தாளராகத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. திரும்பி வந்ததும் கிளைக் கூட்டத்தில் தீர்மானங்களைப் படித்துக் காட்டுவீர்கள். அதோடு நிறுத்தாதீர்கள். பாறையைத் தள்ளும் நால்வரைப் பற்றிச் சொல்லுங்கள். மெழுகு உருகிய இடத்தில் உலோகம் பாய்ந்த கதையைச் சொல்லுங்கள். கேட்ட பாட்டில் ஒன்றையாவது பாடிக் காட்டுங்கள். வராதவர்களுக்கும் அந்த மாலைப் பொழுதில் பங்கு உண்டு.

போய் வாருங்கள், தோழர்களே! நாளை அல்ல, இன்றே புறப்படுங்கள்!