மறதிநோயும் மனநோய்க் குளிசைகளும்: வீட்டில் பராமரிப்போர் அறிந்திருக்க வேண்டியவை

(பிரித்தானியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலண்டனின் புறநகர்ப் பகுதியொன்றில் ஒரு தாயார் வாழ்கின்றார். பெயர் வேண்டியதில்லை. எண்பது வயதைக் கடந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாகக் கடமையாற்றியவர். பல இடப்பெயர்வுகளைக் கண்டபின் மகளிடம் வந்து சேர்ந்தவர். அல்சைமர் வகை மறதிநோய் அவருக்கு இருப்பதாகக் கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நவம்பர் 5ஆம் நாள் இரவு, அயலெங்கும் வாணவெடிகள் முழங்கியபோது, அவர் கட்டிலின் கீழே புகுந்துகொண்டார். மகளையும் பேரனையும் உள்ளே வருமாறு பிடித்து இழுத்தார். வர மறுத்த மகளின் கையில் நகக்கீறல்கள் விழுந்தன. அதன்பின் ஒவ்வொரு நாளும் அந்தி சாயும் வேளையில் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று வாசற்கதவை அடிக்கத் தொடங்கினார். குளிர்காலத்தில் இலண்டனில் நான்கு மணிக்கே அந்தி சாய்ந்துவிடுகின்றது; இரவோ மிக நீண்டது.

வைத்தியரிடம் சென்றபோது மொழிபெயர்த்தவன் பதினைந்து வயதுப் பேரன். அம்மம்மா பதுங்குகுழியைப் பற்றிப் பேசினார். அச்சொல்லின் பொருள் அவனுக்குத் தெரியாது. ஆகவே அது வைத்தியரைச் சென்றடையவும் இல்லை. இல்லாததைக் காண்கின்றார், வீட்டாரைத் தாக்குகின்றார் என்ற செய்தி மட்டுமே போய்ச் சேர்ந்தது. றிஸ்பெரிடோன் என்னும் குளிசை எழுதிக் கொடுக்கப்பட்டது.

பத்து நாட்களில் வீடு அமைதியானது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டனர். நான்காவது வாரமளவில் அந்தத் தாயார் பகலெல்லாம் கதிரையிலேயே உறங்கினார். எழுந்தால் பாதங்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். முகத்தில் அசைவில்லை. வாயில் வைத்த சோறு விழுங்கப்படாமல் அங்கேயே கிடந்தது. ஒருநாள் காலை குளியலறையில் விழுந்தார். பார்க்க வந்த உறவினர் "வருத்தம் முற்றிவிட்டது" என்றனர். வருத்தம் முற்றவில்லை. அவை யாவும் அக்குளிசையின் பக்கவிளைவுகள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த தாளை எடுத்து முதன்முதலில் வாசித்தவன் அந்தப் பேரனே.

றிஸ்பெரிடோன், ஒலன்சபின், குவெற்றியாபின், ஹலோபெரிடோல் ஆகியன மனப்பிறழ்வு நோய்களுக்கென உருவாக்கப்பட்ட மருந்துகள். மூளையில் டோபமைன் என்னும் பொருளின் செயற்பாட்டைத் தடுப்பதே இவற்றின் முதன்மையான வேலை. மருட்சியும் ஆவேசமும் தணிவது அதனாலேயே. உடலை இலகுவாக அசைக்க உதவுவதும் அதே டோபமைன் என்பதால், தசை இறுக்கம், கைநடுக்கம், குறுநடை, விழுங்குவதில் சிரமம் ஆகியனவும் அதனாலேயே தோன்றுகின்றன. மறதிநோயை இம்மருந்துகள் குணமாக்குவதில்லை. நினைவாற்றலை மீட்டுத் தருவதும் இல்லை.

இவற்றின் ஆபத்து இன்று நேற்றுத் தெரியவந்ததன்று. 2004ஆம் ஆண்டிலேயே, மறதிநோயாளரிடம் பாரிசவாதத்துக்கான ஆபத்தை றிஸ்பெரிடோனும் ஒலன்சபினும் அதிகரிப்பதாகப் பிரித்தானியாவில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, புதிய வகை மருந்துகளை உட்கொண்ட மறதிநோயாளரிடையே இறப்பு ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்கு என அறிவித்தது. 2008இல் பழைய வகை மருந்துகளுக்கும் அவ்வெச்சரிக்கை விரிவாக்கப்பட்டது. 2009இல் பேராசிரியர் சுபே பனர்ஜி பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கையின் கணிப்பு நினைவிற்கொள்ளத்தக்கது. ஓராண்டில் 180,000 மறதிநோயாளர் இம்மருந்துகளைப் பெற்றனர். அவர்களுள் ஓரளவேனும் பயன்பெற்றோர் 36,000 பேர் வரையிலேயே. இதனால் ஏற்பட்ட மேலதிக இறப்புகள் சுமார் 1,800. மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, நியூமோனியா, சிறுநீரகப் பாதிப்பு, இரத்தக்கட்டி, எலும்பு முறிவு, மாரடைப்பு ஆகியவற்றையும் இப்பட்டியலிற் சேர்த்தது. நியூமோனியாவே அவற்றுள் முன்னிலையில் நின்றது. விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்கு உணவும் உமிழ்நீரும் நுரையீரலுக்குள் இறங்கிவிடுவது இதற்கான காரணங்களுள் ஒன்று.

அப்படியாயின் இம்மருந்தை எவருக்கும் கொடுக்கவே கூடாதா? அவ்வாறு கூறுவது பராமரிப்போருக்குச் செய்யும் அநீதி. சமையற் கத்தியோடு கணவனைத் துரத்தும் மனைவியும் உண்டு. சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாக நம்பி நாட்கணக்கில் உண்ண மறுக்கும் தந்தையும் உண்டு. அத்தகைய கடுந்துன்பத்தில் குறுகிய கால மருந்து ஓர் உதவியே. பிரித்தானியாவில் றிஸ்பெரிடோனுக்கான அனுமதி, பிற வழிகள் பயனளிக்காத நிலையில், மிதமான அல்லது கடுமையான அல்சைமர் நோயாளரின் நீடித்த ஆவேசத்துக்கு, 6 வாரங்கள் வரையிலேயே உள்ளது. நைஸ் அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல், மிகக் குறைந்த அளவில், மிகக் குறுகிய காலத்துக்கு, குறைந்தது 6 வாரங்களுக்கு ஒரு முறை மீளாய்வு செய்து கொடுக்குமாறு கூறுகின்றது. இன்னலுக்குக் காரணம் பெரும்பாலும் தொடங்குவதன்று, நிறுத்த மறப்பதே. மாதந்தோறும் மருந்தகத்திலிருந்து பொதி வருகின்றது, வருவதைக் கொடுக்கின்றார்கள், ஆறு வாரம் மூன்று ஆண்டாகிவிடுகின்றது. வைத்தியர் சொன்னதைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்னும் எண்ணமும் தமிழ்க் குடும்பங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. எதற்காக இம்மருந்து, எத்தனை நாட்களுக்கு, மீளாய்வு எந்தத் திகதியில் என்று பணிவாகவும் உறுதியாகவும் கேட்பதில் எவ்வித அவமரியாதையும் இல்லை.

வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டியவற்றுள் முதலாவது உறக்கம். முதல் நாட்களில் சற்று மயக்கம் இருப்பது வியப்பன்று. உணவுக்கு எழுப்ப முடியாத அளவு உறக்கமென்றால் அளவு கூடிவிட்டது என்றே கருதி அன்றே வைத்தியரைத் தொடர்புகொள்ள வேண்டும். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சடுதியாகக் குறைந்து தலைசுற்றும். ஆகவே கட்டிலின் ஓரத்தில் சில நிமிடங்கள் இருத்திய பின்னரே எழுப்புதல் நன்று. இரவில் சலம் கழிக்கச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும், கால்துடைப்பான்கள் அகற்றப்படட்டும். உணவூட்டும்போது நிமிர்ந்து இருக்கச் செய்து, சிறு கவளமாகக் கொடுத்து, முந்தியது விழுங்கப்பட்டதைக் கண்டபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். படுத்தபடி ஊட்டுவது ஆபத்து. உணவின்போது இருமலோ, குரலில் ஈரத்தன்மையோ தோன்றினால் விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புமாறு கேட்கலாம்.

ஓயாமல் எழுந்து நடப்பதும், இருக்க முடியாமற் கால்களை அசைப்பதும் ஒரு பக்கவிளைவே. இதுதான் வீட்டாரை மிகவும் ஏமாற்றுவது. அமைதியின்மை கூடிவிட்டது என்று எண்ணி மருந்தைக் கூட்டுமாறு கேட்கின்றார்கள். கூட்டினால் அது மேலும் வளர்கின்றது. நடுக்கத்துக்கென்று புரோசைக்ளிடின் போன்ற இன்னொரு மருந்து சேர்க்கப்படுவதும் உண்டு. அது குழப்பத்தையும் மறதியையும் கூட்டக்கூடியது. ஒவ்வாமைக்கென்றும் தடிமனுக்கென்றும் கடைகளில் வாங்கும், உறக்கம் தரும் குளிசைகளும் அத்தகையனவே. மருந்தாளரைக் கேளாமல் அவற்றைக் கொடுக்கலாகாது.

ஒலன்சபினும் குவெற்றியாபினும் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக்கூடியவை. தெற்காசியருக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம் என்பதால் சர்க்கரைப் பரிசோதனை தவறக்கூடாது. மலச்சிக்கலையும் சிறிதாக எண்ணலாகாது; சொல்லத் தெரியாத முதியவருக்கு அதுவே ஆவேசத்தின் காரணமாகிவிடும்.

குளிசையைப் பொடியாக்கிப் பாற்சோற்றிலோ தேநீரிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மெதுவாகக் கரையும் வகைக் குவெற்றியாபினைப் பொடியாக்கினால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலிற் சேர்ந்துவிடும். மறைத்துக் கொடுப்பதற்குச் சட்டரீதியான ஒழுங்கும் உண்டு. வைத்தியர், மருந்தாளர், குடும்பத்தார் சேர்ந்து முதியவரின் நலன் கருதி எடுக்கும் முடிவாக அது அமைய வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உள. கடுங்காய்ச்சல், பலகை போன்ற உடல் இறுக்கம், மிகையான வியர்வை, திடீர்க் குழப்பம் ஆகியன ஒன்றுசேர்ந்து தோன்றினால் அது உயிராபத்தான நிலை. முகம் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறுதல் பாரிசவாதத்தின் அறிகுறிகள். இரண்டுக்கும் உடனே 999 அழைக்க வேண்டும். "காலையில் பார்ப்போம்" என்பது இங்கே பொருந்தாது.

லூவி உடல் வகை மறதிநோயைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அறையில் சிறுபிள்ளைகள் நிற்கின்றார்கள், நாய் படுத்திருக்கின்றது என்பார்கள். உறக்கத்தில் கனவுக்கேற்பக் கையும் காலும் வீசுவார்கள். ஒரு நாள் தெளிவு, மறுநாள் மயக்கம். இறந்தவர் வந்து நிற்பதாகச் சொல்லும்போது ஆவி என்றும் செய்வினை என்றும் சில வீடுகளில் பொருள்கொள்ளப்படுவதால், இது வைத்தியரிடம் சொல்லப்படாமலே போகின்றது. சொல்லியே ஆக வேண்டும். இவ்வகை நோயாளருக்கு ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் மிகக் கடுமையான, சிலவேளை மரணத்தில் முடியும் விளைவுகளைத் தருகின்றன. அவசர சிகிச்சைப் பிரிவில் எவரும் அறியாமற் கொடுத்துவிடக்கூடும் என்பதால், நோயின் பெயரை ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி முதியவரின் பையில் வைத்திருத்தல் நலம். காணும் தோற்றங்கள் அவரை அச்சுறுத்தாவிடின், சிகிச்சையே தேவைப்படாமலும் இருக்கலாம். பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம்.

பக்கவிளைவைக் கண்டு அஞ்சி ஒரே நாளில் மருந்தை நிறுத்திவிடுவதும் தவறே. வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலருக்குப் பெரிய மாற்றமின்றி நிறுத்த முடிகின்றது என்றும், தொடக்கத்தில் கடுமையான அறிகுறிகள் இருந்தோருக்கு அவை மீளத் தோன்றக்கூடும் என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே குறைக்கும் வாரங்களில் ஒரு குறிப்பேடு தேவை. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எதனால் அமைதியானார் என்பவற்றை எழுதுதல் போதும். இப்பணி இளையோருக்கு மிகப் பொருத்தமானது; ஆங்கிலத்தில் எழுதினால் வைத்தியரும் நேரடியாக வாசிப்பார். ஆனால் வைத்தியருக்கும் பாட்டிக்கும் இடையில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது முறையன்று. தேசிய சுகாதார சேவையிடம் தொழில்முறைத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். பிற்காலத்திற் கற்ற ஆங்கிலம் மறதிநோயில் முதலில் உதிர்வது வழக்கம்; எஞ்சுவது தாய்மொழியே.

மற்றொன்று, நெருங்கிய உறவினர் என்பதனால் மட்டும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை பற்றித் தீர்மானிக்கும் சட்ட உரிமை கிடைத்துவிடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005ஆம் ஆண்டின் உளத்திறன் சட்டத்தின்படி, உடல்நலத்துக்கான நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதுவும் முதியவர் தெளிவோடு இருக்கும்போதே. காணி உறுதி எழுதுவதில் காட்டப்படும் அக்கறையில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

அந்தத் தாயாரின் வீட்டில், பேரன் எழுதிய குறிப்பேட்டை மீளாய்வுக்குக் கொண்டுசென்றார்கள். இம்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பதுங்குகுழி என்னும் சொல்லும் அதன் கதையும் வைத்தியரின் பதிவேட்டில் ஏறின. சலப் பரிசோதனையில் கிருமித்தொற்று இருப்பது தெரிந்து அதற்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. முழங்கால் நோவுக்கு ஒழுங்கான மருந்து கிடைத்தது. றிஸ்பெரிடோன் சில வாரங்களில் குறைத்து நிறுத்தப்பட்டது. நடை திரும்பிற்று, முகத்தில் சிரிப்பும் ஓரளவு திரும்பிற்று. குளிசையை முதலிற் கேட்டு வாங்கியவள் தானே என்று மகள் நெடுநாள் வருந்தினார். பல மாதங்கள் உறங்காத ஒருவர் உதவி கேட்டதில் குற்றம் காண எவருக்கும் தகுதியில்லை.

அந்தி வேளையில் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்பது நின்றுவிடவில்லை. இப்போது மூன்றரை மணிக்கே திரைச்சீலைகள் இழுக்கப்பட்டு எல்லா விளக்குகளும் ஏற்றப்படுகின்றன. கேட்டால், மகளோ பேரனோ மேலங்கியை அணிவித்து, கையைப் பிடித்து, தெருவை ஒருமுறை சுற்றி வருகின்றார்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது "வீடு வந்துவிட்டது" என்று அவரே சொல்லிச் சப்பாத்தைக் கழற்றுகின்றார். நவம்பர் மாதத்தில் வெடிகள் முழங்கும் இரவுகளில் மட்டும், மூவரும் நடு அறையில், போர்வையொன்றின் கீழ், வெடியோசை ஓயும் வரை ஒன்றாக இருக்கின்றார்கள்.