செம்மணியின் இரகசியம்

(பிள்ளைச்சாவடிக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

விஞ்ஞான விஷயமொன்றைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசியவர்கள் நம்மைப் பணித்தார்கள். அதனைத் தேடி நாம் நெடுந்தூரம் போகவில்லை. இப்பிள்ளைச்சாவடியினின்று புதுச்சேரிப் பட்டணத்தைக் கடந்து தெற்கே சென்றால், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கின்றது. மழை பெய்து ஓய்ந்தபின் அங்கே கடுகளவும் மிளகளவுமான கண்ணாடி மணிகள் தலைகாட்டும். அவற்றுள் செங்கல் நிறமுடைய மணியே இன்று நம் விஷயம்.

1945-ஆம் ஆண்டில் வீலர் என்னும் ஆங்கிலேயர் அம்மேட்டை அகழ்ந்து, உரோமாபுரியோடு அவ்வூருக்கிருந்த வாணிகத்தை உலகறியச் செய்தார். அங்கிருந்த தொழிலாளர் உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடியும் சூடேற்றி முனை மழுக்கி மணியாக்கினர்.

அம்மணியின் சிவப்பு மேலே பூசிய சாயமன்று. உள்ளே உறையும் செம்பு. கண்ணாடிக் குழம்பிற் செம்பைக் கரைத்துக் காற்றைத் தாராளமாக விட்டால் நீலமோ பச்சையோ கிடைக்கும். காற்றைக் குறைத்துப் புகை மிகுந்த உலையில் வைத்தாலோ, கரைந்த செம்பு தன் பிராணவாயுவை இழந்து, மீண்டும் உலோகமாகி நுண்துகள்களாகத் திரளும். ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டராம். அத்தகைய கூறுகளில் சில பத்து முதல் சில நூறு வரையே இத்துகள்களின் பருமன்.

இத்துணைச் சிறிய உலோகத்துகளின்மேல் வெளிச்சம் பட்டால், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒருசேர ஊசலாடி, வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். தங்கத்துகள் பச்சையை விழுங்கிச் சிவப்பை விடும். வெள்ளித்துகள் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கி மஞ்சளை விடும். துகள் அளவு மீறிப் பெருத்தால் நிறம் கெடும். ஆதலால் சூட்டின் அளவும் நேரமுமே இத்தொழிலின் உயிர்நிலை.

உரோமாபுரியார் 4-ஆம் நூற்றாண்டிற் செய்த கிண்ணமொன்று இலண்டன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றது. வெளியே விளக்கு வைத்தால் பச்சை. உள்ளே வைத்தால் சிவப்பு. அதிலும் தங்கமும் வெள்ளியும் நுண்துகளாக உள்ளன. பொன்துகள்களின் நிறத்தை 1857-இல் பாரடே ஆராய்ந்தார். 1908-இல் மீ என்னும் ஜெர்மானியர் கணிதத்தால் விளக்கினார். இக்காலத்தார் கண்ணாடியை உருகிய வெள்ளியுப்பில் அமிழ்த்துகின்றனர். கண்ணாடியிலுள்ள சோடியம் வெளியேற வெள்ளி உட்புகும். பின்னர் ஹைட்ரஜன் வாயுவிற் சூடேற்ற, அவ்வெள்ளி துகளாகத் திரளும். நீண்ட வெள்ளித்துகள்களையுடைய கண்ணாடி, ஒளியிழை வழியாகச் செய்தியனுப்பும் லேசர்க் கருவிகளில், திரும்பிவரும் ஒளியைத் தடுக்கவும் உதவுகின்றது. நம் கைப்பேசிச் செய்தி கடல் கடப்பதற்கும் இவ்வித்தை துணைநிற்கின்றது.

அன்பர்களே! இதனைக் கேட்டவுடன், "அம்மணி செய்தோர் நம் முன்னோரே" என்று மார்தட்டச் சிலருக்கு ஆசை பிறக்கலாம். வேண்டாம். மணியில் எக்குலத்தின் பெயரும் பொறிக்கப்படவில்லை. அவ்வுலைக்காரர் நூல் கற்றாரல்லர். சுடரின் நிறத்தைக் கண்ணாலும், குழம்பின் பதத்தைக் கையாலும் அறிந்தார். கையோடு அறிவு கூடியிருந்தது. இன்று நம்மிற் படித்தவர் உலையருகே செல்ல நாணுகின்றனர். உலையருகே நிற்பவருக்கோ படிப்பு வாய்ப்பதில்லை. பட்டம் பெற்ற பிள்ளைக்கு மாலை சூட்டும் நாம், பட்டறையிற் பழகும் பிள்ளையைப் பந்தியிற் பின்னே இருத்துகின்றோம். இதுவே நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

ஆகவே, சங்கத்தின் கல்வி நிதியிற் பாதியைத் தொழிற்கல்வி பயிலும் ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். மற்றொன்று: அரிக்கமேட்டு மணியைப் பொறுக்கிச் சில காசுக்கு விற்கும் வழக்கத்தை நம் வீட்டார் விட்டொழிக்க வேண்டும். கிடந்த இடத்தை விட்டு நீங்கிய மணி, சரித்திரம் சொல்லும் நாவை இழந்துவிடும். இவ்விரண்டையும் சபையோர் ஏற்பார்களென்று நம்புகின்றோம்.