கருவி சொல்லும், கேட்பது நாம்

(ஆண்டு விழாவையொட்டி நடந்த உடல்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொன்றியல் குளிர்காலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிப்படிக்கட்டில் ஐஸ் பிடித்திருக்கும். கால் சறுக்கும். விழாமல் இருக்கக் கையை ஊன்றுவோம். தோள்மூட்டில் தசைநார் கிழிந்துவிடும். வயது போகப்போக அது தேய்ந்து தானாகக் கிழிவதும் உண்டு. பலருக்கு மருந்தும் பயிற்சியும் போதும். சிலருக்குச் சத்திரசிகிச்சை வேண்டிவரும். அதன்பின் வீட்டில் செய்யும் பயிற்சியைப் பற்றியும், அதற்கு உதவியாக வந்திருக்கும், உடம்பில் கட்டிக்கொள்ளும் சிறு கருவிகளைப் பற்றியும் இன்று பேசுகிறேன்.

வைத்தியர் கிழிந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்துவிடுகிறார். தையல் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒட்ட வைப்பது உடம்பின் வேலை. அதற்கு மாதக்கணக்கு ஆகும். பெரும்பாலும் முதல் 4 முதல் 6 கிழமை வரை கை தொங்குபட்டியில் இருக்கும். பிறகு மற்றக் கையின் உதவியோடு அசைப்பது, அதற்குப் பிறகு சொந்தப் பலத்தில் தூக்குவது, ஏறக்குறைய 3 மாதம் சென்றபின் பலம் ஏற்றுவது என்று படிப்படியாகப் போகும். இது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் வைத்தியரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொன்னதே உங்கள் கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா செய்தது அவருடைய கணக்கு.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. பயந்து அசைக்காமல் இருந்தால் மூட்டு இறுகிவிடும். அவசரப்பட்டால் தைத்த இடம் மறுபடி கிழியும். கருவி உதவுவது இந்த அளவைக் காப்பதற்குத்தான்.

பிள்ளைகளே, ஃபோனைச் சரித்தால் படமும் சேர்ந்து திரும்புகிறது அல்லவா? பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அறியும் ஒரு சிறு உணரி அதற்குள் இருக்கிறது. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளக்கும் இன்னொன்றும் இருக்கிறது. அதே உணரிகளைத்தான் ஒரு பட்டியில் வைத்து மேற்கையில் கட்டுகிறார்கள். கை கீழே தொங்கினால் 0 பாகை, தோள் மட்டத்துக்கு வந்தால் 90 பாகை. எத்தனை தரம் தூக்கினோம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் ஃபோனில் தெரியும்.

கைக்கடிகாரம் போதாதா என்று கேட்பீர்கள். முழங்கையை மடித்தாலே மணிக்கட்டு மேலே போய்விடும், ஆனால் தோள் அசைந்திருக்காது. அதனால் மணிக்கட்டில் கட்டியது எண்ணிக்கைக்கு உதவலாம், தோளின் கோணத்துக்கு உதவாது. உடம்பும் நம்மை ஏமாற்றும். கை ஏறாவிட்டால் முதுகைச் சாய்ப்போம், தோளைத் தூக்குவோம். அதைக் கண்டுபிடிக்கத்தான் சில கருவிகளில் நெஞ்சுக்கும் ஓர் உணரி உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் கட்டுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நேராக இருந்து செய்யுங்கள்.

இப்படிக் கட்டிக்கொள்ளும் கருவியை வெகு காலத்துக்கு முன்பே செய்து பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியர் போல் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநார் மாற்றித் தைத்துத் திறக்க வைத்தவர். அந்நோய் நரம்பைக் கெடுப்பதால் வலி தெரியாது. வலி தெரியாததால் விரலும் பாதமும் காயப்பட்டுக்கொண்டே இருக்கும்.

1966இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறியியலாளர்களோடு சேர்ந்து, அழுத்தத்தை அறியும் உணரிகள் வைத்த கையுறையும் காலுறையும் செய்தார். அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிய வைத்தார்கள், அதற்கும் அதே கதி. கடைசியில் சுள்ளென்று மின்சாரம் தாக்கும்படி செய்தார்கள். கையில் எடுத்த வேலையை முடிக்க வேண்டும் என்றால் அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள்! முயற்சி கைவிடப்பட்டது. கருவி சரியாகத்தான் சொன்னது, மனிதர் கேட்கவில்லை.

நமக்கும் இதே சோதனைதான். “இன்றைக்குப் போதும்” என்று கருவி காட்டும்போது, ஸ்னோவை அள்ளிப்போட்டுவிட்டு வருவோம் என்று கழற்றி வைப்போம். “இன்னும் 10 தரம்” என்று காட்டும்போது பார்க்காததுபோல் இருப்போம். கழற்றி வைத்த கருவி யாரையும் சுகப்படுத்தாது.

கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. காயம் சிவந்ததா, சீழ் வடிகிறதா, காய்ச்சலா, விரல் மரத்ததா, ‘டக்’ என்று சத்தம் கேட்டுக் கை திடீரெனப் பலமிழந்ததா என்று அது பார்க்காது. அப்படி ஏதும் நடந்தால் சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கு உடனே சொல்லுங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 811ஐ அழையுங்கள், தாதியோடு பேசலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 911.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. குளிர்ச்சட்டை போடும்போது சத்திரசிகிச்சை செய்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். பிள்ளைகளே, ஃபோனில் வருவது பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதை அம்மம்மாவுக்கு வாசித்துச் சொல்வது உங்கள் ஊழியம். அவருடைய பட்டியை நீங்கள் கட்டி ஆட்டிவிட்டு “முடிந்தது” என்று காட்டக் கூடாது! பக்கத்தில் இருந்து எண்ணுங்கள். அம்மம்மா சாய்ந்தால் “நேராக இருங்கோ” என்று சொல்லுங்கள்.

நமது சபையில் யாருக்காவது இப்படிச் சத்திரசிகிச்சை நடந்தால் சாப்பாடு கொண்டுபோகிறோம், ஜெபிக்கிறோம். அது நல்ல பழக்கம். இனிப் போகும்போது “இன்றைய பயிற்சி செய்தீர்களா?” என்றும் கேளுங்கள். செய்யாவிட்டால் முடியும்வரை கூட இருந்துவிட்டு வாருங்கள். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.