வாத்தியக் கோஷ்டியில் ஒரு நாற்காலி



புணே நகரின் கிழக்கே ஹடப்சரை ஒட்டியிருக்கும் மகர்பட்டாவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கால் நூற்றாண்டுக்கு முன்பு அது விளைநிலமாக இருந்த இடம். நிலத்துக்கு உரிய உழவர்களே ஏறக்குறைய 400 ஏக்கரை ஒன்றுசேர்த்து, 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே நகரம் எழுப்பத் தொடங்கினார்கள். மாலை வேளையில் அந்த வீதிகளில் நடந்தால், ஏதேனும் ஒரு மாடியில் நம் வீட்டுப் பிள்ளை கீபோர்டு பழகும் ஓசை காதில் விழும். "இதைக் கற்று என்ன செய்யப் போகிறாய்?" என்று பெற்றோர் கேட்பதும் உண்டு. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இந்தப் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறது?

ஊர்விட்டு ஊர் வந்து, தன் பக்கத்தில் பல இளைஞர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் பெயர் டெடி வெதர்போர்டு. 1903இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பியானோ வித்வான். சிகாகோவில் எர்ஸ்கின் டேட் என்பவரின் கோஷ்டியில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து வாசித்தவர். ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். வெதர்போர்டோ 1926இல் கப்பலேறி ஷாங்காய் சென்றார். நிற பேதம் தலைவிரித்தாடிய தம் நாட்டில் கிடைத்ததைவிடக் கீழ்த்திசை நகரங்களில் அவருக்கு மதிப்பு மிகுதியாகக் கிடைத்தது. 1930களின் பிற்பகுதியில் பம்பாய் வந்து, தாஜ்மகால் ஓட்டலில் கிரிக்கெட் ஸ்மித் என்னும் மூத்த டிரம்பெட் வித்வானின் கோஷ்டியில் வாசித்தார். பிறகு தாமே தலைமை ஏற்றார்.

அந்நாளில் பம்பாயில் மேனாட்டு வாத்தியம் வாசித்தவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். அங்கே மாதா கோயிலைச் சார்ந்த பள்ளிகளில் சிறு வயதிலேயே சுரக்குறிப்புப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் பழக்கினார்கள். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்த இளைஞர்கள் தோபி தலாவ் பகுதியில் தங்கினார்கள். ஊருக்கு ஒன்றாக அவர்கள் நடத்திய விடுதிக்குக் கொங்கணியில் 'கூட்' என்று பெயர். நம் காதில் அது 'கூடு' என்றே விழுகிறது. தூரத்து ஊரில் நம்மவர் பலர் ஓர் அறையில் பாய் விரித்துப் படுத்த நாட்களை நினைத்துக்கொண்டால், அந்த வாழ்க்கை எளிதில் விளங்கும்.

காகிதத்தில் எழுதிய எதையும் அவ்விளைஞர்கள் வாசித்துவிடுவார்கள். ஆனால் ஜாஸ் சங்கீதத்தின் உயிர் காகிதத்தில் இல்லை. ஒரு மெட்டைச் சொல்லி முடித்தபின் ஒருவர் எழுந்து நின்று, அப்போது மனத்தில் தோன்றுவதைத் தாளம் தவறாமல் வாசிக்க வேண்டும். நம் சங்கீதத்தில் இதை மனோதர்மம் என்கிறோம். ராகம் பாடுவதும் கற்பனை சுரம் தொடுப்பதும் புத்தகத்தில் வருவதில்லை அல்லவா? முன்பெல்லாம் நாகசுரக் கோஷ்டியில் சிறுவன் ஆண்டுக்கணக்கில் ஒத்துப் பிடித்துக்கொண்டு பெரியவர் பக்கத்தில் நிற்பான். சுருதி ஒன்றையே ஊதிக்கொண்டிருந்தாலும் அவன் காது சும்மா இருந்ததில்லை. ('ஒத்து ஊதுகிறான்' என்று இன்று ஏளனமாகச் சொல்கிறோம், அது எவ்வளவு பெரிய படிப்பு என்பதை மறந்துவிட்டோம்.) அமெரிக்க வித்வான்கள் பக்கத்தில் அமர்ந்து வாசித்த கோவா இளைஞர்களுக்கு வாய்த்ததும் இதே படிப்புத்தான்.

இதைப் பெரிய சமத்துவக் கதையாக்கிவிடலாகாது. தாஜ் ஓட்டலின் நடன மண்டபம் செல்வர்களுக்கு உரியது. வந்தவர்கள் உண்டார்கள், ஆடினார்கள். உன்னிப்பாய்க் கேட்டவர் சிலரே. வாசித்தவர்களோ இரவு ஆட்டம் முடிந்ததும் கூட்டுக்குத் திரும்பினார்கள்.

பின்னர் வெதர்போர்டு கல்கத்தா சென்றார். யுத்த காலத்தில் அங்கே கிராண்ட் ஓட்டலில் அவருடைய கோஷ்டி புகழ்பெற்று விளங்கியது; இசைத்தட்டுகளும் வெளிவந்தன. அந்தக் கோஷ்டியின் சேர்க்கையை எண்ணிப் பார்ப்பது இன்பமானது. அமெரிக்கர் ராய் பட்லர் சாக்ஸபோன் வாசித்தார். பர்மாவிலிருந்து வந்த ரூபன் சாலமன் கிளாரினெட்டும், செட்ரிக் வெஸ்ட் கிடாரும் வாசித்தார்கள். நேபாள வம்சத்தவரான புஷ்கர் பகதூர் டிரம்பெட் வாசித்தார். பிறந்த மண்ணில் பெரும்பாலோர் இல்லை. எல்லோருக்கும் நாற்காலி இருந்தது.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி, கல்கத்தாவில் காலரா கண்டு வெதர்போர்டு காலமானார். வயது 41. தாய்நாட்டில் அவரை நினைத்தவர் மிகச் சிலர். இங்கேயோ அவர் காலத்து ஜாஸ் வேறு வழியில் வீடுதோறும் புகுந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஓட்டல் கோஷ்டிகள் குறையக் குறைய, கோவா வித்வான்கள் சினிமா இசைக் கூடங்களுக்குச் சென்றார்கள். சிக் சாக்லேட் என்று பெயர் பெற்ற அந்தோனியோ வாஸ், ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே தம் டிரம்பெட் பாணியை அமைத்துக்கொண்டவர். அவர் சி. ராமச்சந்திராவுக்குத் துணையாக நின்றார். 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தின் துள்ளலில் அவர் பங்கு பெரிது. அந்த ராமச்சந்திரா புணேயில் சங்கீதம் பயின்றவர். இசையமைப்பாளராக முதலில் அடியெடுத்து வைத்ததோ தமிழ்ப் படங்களில். 1941இல் வந்த 'வனமோகினி' அவற்றுள் ஒன்று. மொழி தெரியாத ஊரில் ஒருவர் தொழில் தொடங்குவது புதுமையன்று என்பதற்கு, மகர்பட்டாத் தமிழர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

ஒன்றுமட்டும் உறுத்துகிறது. அப்பாடல்களுக்கு வாத்திய அமைப்பு எழுதியவர்களின் பெயர் திரையில் வந்தால் 'உதவியாளர்' என்று வரும்; பலருக்கு அதுவும் வரவில்லை. இளைஞர்களுக்கு இடம் கொடுத்தவர் பெயரும், இடம் பெற்றவர் பெயரும் ஒருங்கே மறைந்து, மெட்டு மட்டும் நம் வாயில் நிற்கிறது.

கல்கத்தாவில் டிரம்பெட் வாசித்த புஷ்கர் பகதூர், ஜார்ஜ் பாங்க்ஸ் என்ற பெயரோடு டார்ஜீலிங்கில் தம் மகனுக்கு இசை கற்பித்தார். 1941இல் பிறந்த அம்மகன்தான் பியானோ வித்வான் லூயி பாங்க்ஸ். கல்கத்தாவிலும் பம்பாயிலும் கோஷ்டிகள் நடத்தி, ஓர் இளைய தலைமுறையையே பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தவர். 1988 ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சியில் 'மிலே சுர் மேரா துமாரா' ஒலித்தபோது அதன் இசையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். புணேவாசியான பீம்சேன் ஜோஷியின் குரலில் அது தொடங்குகிறது. தமிழ் அடிகளுக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளி கிருஷ்ணா.