உப தலைவர் ஆசனமும் அதன் கடமையும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

பதவி பெற்றவரைப் பாராட்டுவது நம்மவர் வழக்கம். மாலை சூட்டுகிறோம், உபசாரப் பத்திரம் வாசித்தளிக்கிறோம். அப்பதவியைக்கொண்டு அவர் யாது செய்தார் என்று கேட்பதோ அரிது. அங்ஙனம் கேட்பின் தலைநிமிர்ந்து விடை கூறத்தக்கவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவரது சட்டசபை வாழ்வைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆடவரே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் படித்து, பின்னர்ச் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். இந்திய மாதர் சங்கத்தாரின் முயற்சியால் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்ற அவரை, 1927-ல் சபையார் ஏகமனதாக உப தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை அங்கத்தினராக அமர்ந்த முதற் பெண்மணி அவரே.

தலைவர் இல்லாத வேளையில் சபையை நடத்துவது உப தலைவரின் கடமை. அம்மட்டில் அவர் அமைந்துவிடவில்லை. கோவில்களில் சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று அவ்வாண்டிலேயே தீர்மானம் கொண்டுவந்தார். சாஸ்திரத்தையும் சம்பிரதாயத்தையும் காட்டி எதிர்த்தவர் பலர். அவ்வழக்கத்தின் வேர் மானிய நிலத்திலும் இருப்பதை அம்மையார் கண்டார். கோவில் ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். நிலம் போனால் குடும்பம் பிழைப்பதெங்ஙனம்? ஆகவே, ஊழியம் செய்யாமலே அந்நிலத்தை அவர்கள் அனுபவிக்க வழிசெய்யும் சட்டம் 1929-ல் நிறைவேறியது. பழிப்பதோடு நில்லாது பிழைக்கவும் வழிகாட்டுவதன்றோ உண்மைச் சீர்திருத்தம்!

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவையும் அவர் கொண்டுவந்தார். அது நிறைவேறுமுன், 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அத்தடைச் சட்டம் 1947-லேதான் நிறைவேறிற்று. அவ்விளஞ்சிறுமியரின் பொருட்டேனும் அவர் பதவியில் இருந்திருக்கலாகாதா என்று கேட்பாருமுண்டு. கேள்வி நியாயமானதே, பதினேழு ஆண்டு சிறிய காலமன்று. எனினும், ஆசனத்தைத் துறந்தவர் அச்சிறுமியரைத் துறக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கி, ஆதரவற்ற பெண்களுக்கு அடைக்கலமும் கல்வியும் அளித்தார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை ஏற்படவும் அவரே காரணமானார். 1968-ல் காலமாகும்வரை அவர் தொண்டு ஓயவில்லை.

சகோதரர்களே! நம் சங்கத்திலும் தலைவர், காரியதரிசி என்னும் பதவிகள் உண்டு. தேர்தல் வந்தால் போட்டியும் மனத்தாங்கலும் உண்டு. பதவியை நாடுவோர், முதலில் அதனால் முடிக்கவேண்டிய காரியம் ஒன்றை மனத்தில் உறுதிசெய்துகொள்வாராக. அக்காரியம் பதவி போனபின்னும் நம்மை விடாது பற்றி நிற்குமாயின், அதுவே உண்மைத் தலைமை. நம் பெண்மக்களைப் படிக்கவைப்பதை அக்காரியங்களுள் முதலாவதாகக் கொள்வோமாக!